ஜெர்மன் எழுதிப் பழகச் சமூக ஊடகம் கைகொடுக்குமா?

திருமங்கலத்துச் செவிலி

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக ஜெர்மன் படிக்கிறேன். சென்ற மாதம் சென்னைக்குப் போய் பி1 என்ற இடைநிலைத் தேர்வு எழுதினேன். படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் தேறிவிட்டேன். எழுதுவதில் மட்டும் 52. தேறுவதற்கு 60 வேண்டும். நான்கு பிரிவுகளையும் தனித்தனியாக எழுதலாம் என்பதால் எழுத்துப் பகுதியை மட்டும் மறுபடி எழுதப் போகிறேன்.

அந்தத் தேர்வு எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மொத்தம் ஒரு மணி நேரம், மூன்று கேள்விகள். நண்பருக்கு ஏறத்தாழ 80 சொற்களில் ஒரு மின்னஞ்சல், இணைய விவாதம் ஒன்றில் 80 சொற்களில் நம் கருத்து, மேலதிகாரி போன்ற ஒருவருக்கு 40 சொற்களில் முறையான மடல். முதல் இரண்டுக்கும் தலா 40 மதிப்பெண், கடைசிக்கு 20.

என் வகுப்பில் முப்பது பேர். ஆசிரியர் அக்கறையானவர், ஆனால் வாரத்துக்கு ஒரு கட்டுரைக்கு மேல் திருத்த அவருக்குப் பொழுது இல்லை. "தினமும் இன்ஸ்டாகிராமில் ஜெர்மனில் எழுது, கை தானாகப் பழகிவிடும்" என்று தோழி சொன்னாள். ஐந்து மாதம் எழுதினேன். இரவுப் பணி முடிந்து பெரியார் நிலையத்தில் பஸ் ஏறினால் திருமங்கலம் வருவதற்குள் நாலைந்து வரி எழுதிவிடுவேன். தேர்வு முடிவு வந்தபின் அந்தப் பதிவுகளையெல்லாம் ஆசிரியரிடம் காட்டினேன். ஒரே பிழை, நாற்பது இடங்களில். விருப்பக்குறி போட்டவர்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

ஆகவே கேட்கிறேன். சமூக ஊடகத்தில் எழுதி உண்மையிலேயே வேற்றுமொழி எழுதக் கற்றவர்கள் இங்கே இருக்கிறீர்களா? இருந்தால் என்ன செய்தீர்கள்? அல்லது இதை விட்டுவிட்டு வேறு வழி பார்க்க வேண்டுமா?

வைகை வடகரை

தங்கச்சி, உங்களுக்கு விருப்பக்குறி போட்டவர்களில் எத்தனை பேருக்கு ஜெர்மன் தெரியும்? முதலில் அதை எண்ணிப் பாருங்கள்.

திருமங்கலத்துச் செவிலி

எண்ணினேன் அண்ணா. மூன்று பேர். மூவரும் என்னோடு படிப்பவர்கள்.

யானைமலை ஒத்தக்கடை

நான் கற்றது ஜப்பானியம். ஆனால் உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் எழுத்துப் பகுதியே கிடையாது. எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். அதனால் அதன் நடுப்படியான என்3 தேறியபோது என்னால் அரைப்பக்கம் சொந்தமாக எழுத முடியாது. அந்த நிலையில்தான் லாங்-8 என்ற தளத்தைக் கண்டேன். ஜப்பானில் 2007இல் தொடங்கியது. நாம் கற்கும் மொழியில் நாட்குறிப்புப் போல எழுத வேண்டும். அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் வரிவரியாகத் திருத்துவார்கள். பதிலுக்கு நமக்குத் தெரிந்த மொழியில் பிறர் எழுதியதை நாம் திருத்த வேண்டும். முழுக்க முழுக்கக் கொடுக்கல் வாங்கல்.

என் மூன்றாவது பதிவு சித்திரைத் திருவிழா பற்றியது. அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்று எழுத நினைத்தேன். 'இறங்கு' என்பதை ஆங்கிலத்தில் யோசித்து, அதிலிருந்து ஜப்பானிய அகராதிக்குப் போனேன். 'ஓரிரு' என்ற சொல் கிடைத்தது. பஸ்ஸிலிருந்து, ரயிலிலிருந்து இறங்குவதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது. ஒசாகாவிலிருந்து ஓர் அம்மா திருத்தினார். 'ஹைரு' என்று மாற்றிவிட்டு, "உங்கள் கடவுள் எந்த வாகனத்திலிருந்து இறங்குகிறார்?" என்று கேட்டிருந்தார். தங்கக் குதிரை வாகனத்தில் வருகிறார், ஆனால் அதிலிருந்து இறங்குவதில்லை, குதிரையோடு ஆற்றுக்குள் வருகிறார் என்று விளக்க நான்கு வரி எழுத வேண்டியிருந்தது. அதற்கு அவர், "தங்கையின் திருமணத்துக்குத் தாமதமாக வந்தவர் ஏன் ஊருக்குள் போகாமல் திரும்புகிறார்?" என்று கேட்டார். அதற்கு இன்னும் பத்து வரி. அந்த ஒரு வாரத்தில் எழுதியதுபோல அதற்கு முன் நான் எழுதியதே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒருவர் உண்மையாகவே காத்திருந்தார். அவருக்குப் புரியாவிட்டால் எனக்கு வருத்தமாக இருந்தது.

உங்கள் இன்ஸ்டாகிராம் பதிவுகளில் இல்லாதது அதுதான். படம் பார்க்க வந்தவர்களிடம் நீங்கள் எழுத்தைக் காட்டினீர்கள்.

லாங்-8 2017இல் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. அதே வேலையை இப்போது லாங்கரெக்ட் என்ற தளம் செய்கிறது. ரெடிட்டில் ரைட்ஸ்ட்ரீக் என்ற பெயரில் குழுக்கள் இருக்கின்றன. பிரெஞ்சுக்குத்தான் முதலில் தொடங்கினார்கள், ஜெர்மனுக்கும் தனிக்குழு உண்டு. நாள் தவறாமல் எழுதுவதுதான் அங்கே கணக்கு. முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண் போட்டு எழுதுவார்கள், தன்னார்வலர்கள் திருத்துவார்கள். ஹலோடாக் செயலியிலும் பொதுப் பதிவின் ஒவ்வொரு வரியையும் திருத்திக் காட்டும் வசதி இருக்கிறது.

இன்னொன்று. 2017 நவம்பரில் ட்விட்டர் (இப்போதைய எக்ஸ்) 140 எழுத்து வரம்பை 280 ஆக்கியபோது, ஜப்பானியம், சீனம், கொரியன் மூன்றுக்கும் பழைய வரம்பையே வைத்தது. அந்த எழுத்துகளில் 140 என்பதே ஒரு பத்தி. ஜெர்மனில் 280 எழுத்து என்றால் ஏறத்தாழ 40 சொற்கள் வரும். உங்கள் மூன்றாவது கேள்வியின் அளவு அதுதான். வரம்புக்குள் ஒரு விஷயத்தை முடிக்கப் பழக நல்ல இடம்.

சிம்மக்கல் ஆசிரியர்

முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஒத்தக்கடைத் தம்பியின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் மாற்றுக் கருத்தைச் சொல்லியாக வேண்டும்.

தாய்மொழியாளருக்குப் பிழை தெரியும். ஏன் பிழை என்று பெரும்பாலும் சொல்லத் தெரியாது. 'அவன் வந்தான்', 'அது வந்தது' இரண்டையும் நாம் தவறில்லாமல் எழுதுகிறோம். 'அவைகள்' என்பது ஏன் தவறு என்று தெருவில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். இருவர் சொன்னால் வியப்பு. முகம் தெரியாத ஒருவர் ஒரு சொல்லை அடித்து வேறொன்றை எழுதிவிட்டுப் போனால், மாணவி அதை மனப்பாடம் செய்வாள். அடுத்த வாக்கியத்தில் அதே இடத்தில் மறுபடி சறுக்குவாள்.

இரண்டாவது, அங்கே புழங்கும் நடை. ஐரோப்பிய மொழி எதுவானாலும் இளைஞர்கள் கைப்பேசியில் எழுதுவது பேச்சைத்தான். ஜெர்மனில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். அரட்டையில் எத்தனை பேர் அதைப் பார்க்கிறார்கள்? பார்த்ததைத்தானே கை எழுதும்.

என் மாணவர்களுக்கு நான் சொன்ன வழி பழையது. நல்ல நாளிதழ்ப் பத்தி ஒன்றை நோட்டில் பார்த்து எழுதுங்கள். மறுநாள் மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு வாரத்தில் மூன்று நாள் அங்கே போகிறேன். ஒரு மேசை, ஒரு நோட்டு, இரண்டு மணி நேரம் போதும். திருத்துவதற்கு அந்தப் பத்தியே ஆசிரியர்.

மேலூரிலிருந்து ஸ்டுட்கார்ட்

ஐயா சொல்வதில் பாதியை நான் பட்டு அறிந்திருக்கிறேன், மீதிப் பாதியோடு உடன்படவில்லை. நானும் செவிலியர்தான். ஆறு ஆண்டுகளாக இங்கே மருத்துவமனையில் வேலை.

முதலில் பட்டது. 'வைல்' என்றால் 'ஏனென்றால்'. அதற்குப் பின் வினைச்சொல் கடைசிக்குப் போக வேண்டும்: 'வைல் இஷ் ம்யூடெ பின்', அதாவது 'ஏனென்றால் நான் களைப்பாக இருக்கிறேன்'. இதில் 'பின்' என்பதுதான் வினை. ஆனால் பேச்சில் ஜெர்மானியர்களே 'வைல் இஷ் பின் ம்யூடெ' என்பார்கள். வாட்ஸ்அப்பிலும் அப்படியே எழுதுவார்கள். நான் அதைக் குழுக்களில் நூறு தடவை பார்த்துப் பழகி, தேர்வில் அப்படியே எழுதினேன். யாரும் தவறாகக் கற்றுக்கொடுக்கவில்லை. பேச்சு எது, எழுத்து எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நம் தமிழிலும் 'இருக்கிறது' வேறு, வாய் சொல்வது வேறு. இந்தப் பிரிவினைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாம். இன்னொரு மொழியிலும் அது இருக்கும் என்று நினைக்கத் தவறிவிடுகிறோம்.

தங்கச்சி, உங்கள் பிழை எதுவென்று நீங்கள் சொல்லவில்லை. என் ஊகம், ஆங்கிலம் வழியாகப் போயிருப்பீர்கள். நான் வந்த முதல் குளிர்காலத்தில் 'இஷ் பின் கால்ட்' என்று எழுதினேன். ஆங்கிலத்தில் அப்படித்தானே சொல்கிறோம். ஜெர்மனில் அது நான் ஈரமற்ற நெஞ்சுடையவன் என்பதுபோல ஆகிவிடும். சரியானது 'மியர் இஸ்ட் கால்ட்'. 'மியர்' என்றால் 'எனக்கு'. எனக்குக் குளிர்கிறது! நம் தமிழ் அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது. 'எனக்குப் பிடிக்கிறது' என்பதற்கும் அதே 'மியர்'தான். நான்காம் வேற்றுமை கையில் இருக்க, ஊரைச் சுற்றிக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போனேன். 'வைல்' வாக்கியமும் அப்படியே. 'நான் களைப்பாக இருப்பதால்' என்பதில் வினை எங்கே நிற்கிறது பாருங்கள். கடைசியில்.

இதை எனக்குச் சொன்னது எந்தப் புத்தகமும் இல்லை. ரெடிட் குழுவில் என் பதிவைத் திருத்திய ஒருவர், "உங்கள் தாய்மொழியில் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். தமிழில் எழுதிச் சொல்லுக்குச் சொல் பொருள் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. ஐயா, தாய்மொழியாளருக்குக் காரணம் தெரியாமல் போகலாம். ஆனால் அவர் கேட்கும் கேள்வி நம்மைக் காரணத்தின் அருகில் கொண்டுபோய் விடுகிறது.

பணிக்கு வந்த பிறகு எழுத வேண்டியது வேறு வகை. பணிமாறும்போது நோயாளிக் குறிப்பு. 'இரவு இரண்டு மணிக்கு வலி என்றார், மருந்து கொடுக்கப்பட்டது, நான்கு மணிக்கு உறங்கினார்.' அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் அவர் சொன்னதா, நாம் பார்த்ததா என்பது வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். இங்கே செவிலியர் பதிவுக்குப் பெரும்பாலும் பி1க்கு அடுத்த படியான பி2 கேட்கிறார்கள். இப்போதே தினம் மூன்று வரி அப்படி எழுதிப் பாருங்கள். நோயாளியின் பெயரோ, அவரை அடையாளம் காட்டும் எதுவுமோ பதிவில் வரக்கூடாது. கற்பனை நோயாளியைப் பற்றி எழுதுங்கள்.

திருமங்கலத்துச் செவிலி

அண்ணா, உங்கள் ஊகம் கிட்டத்தட்ட சரி. இரண்டு பிழைகள் இருந்தன. நாற்பது இடத்தில் இருந்தது, நீங்கள் சொன்ன வினை கடைசிக்குப் போகாத பிழைதான்.

இன்னொன்று தேர்வில் மட்டும் செய்தது. மூன்றாவது கேள்வியில் வகுப்பு நடத்தும் அம்மையாருக்கு, வர முடியாததற்கு வருத்தம் தெரிவித்து எழுத வேண்டும். 'ஸீ' என்று மரியாதையாக எழுத வேண்டிய இடத்தில் முழுக்க 'டூ' போட்டிருந்தேன். இன்ஸ்டாகிராமில் எல்லாரும் எல்லாரையும் 'டூ' என்றுதான் அழைக்கிறார்கள். தமிழில் என் ஆசிரியரை 'நீ' என்று சொல்ல எனக்கு நா எழாது. ஜெர்மனில் கூசாமல் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

சிம்மக்கல் ஆசிரியர்

வருந்தாதே அம்மா. அந்தக் கூச்சம் வந்துவிட்டது அல்லவா? இனி அந்தப் பிழை வராது.

மகால் வடம்போக்கித் தெரு

நான் ஸ்பானியம் கற்கிறேன். சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கிறோம், அதற்காகத் தொடங்கியது. எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம், வெளியே தமிழ், கணக்கு வழக்கு ஆங்கிலம். எனவே இன்னொரு மொழி என்றால் எனக்குப் பயமில்லை. ஆனால் இங்கே யாரும் பேசாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, பெண்களுக்கு. மொழிப் பரிமாற்றச் செயலியில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு வந்த தனிச்செய்திகளில் மொழி கற்க வந்தவை மிகச் சில. மற்றவை என்னவென்று எழுத விரும்பவில்லை. மூன்று நாளில் செயலியை நீக்கிவிட்டேன். பிறகு என் அத்தை மகள் சொல்லித்தான் திரும்ப வந்தேன். இப்போது என் படம் இல்லை, ஒரு சுங்குடி முடிச்சின் படம்தான். தனிச்செய்தியை மூடிவிட்டேன். பொதுப் பதிவில் மட்டும் எழுதுகிறேன், அங்கேயே திருத்தட்டும். பெண்களுக்கு மட்டும் நாம் தெரியும்படி அமைத்துக்கொள்ளும் வசதி சில செயலிகளில் இருக்கிறது. தங்கச்சி, எழுத ஆரம்பிக்கும் முன் அதைப் பாருங்கள். ஊர் பெயர், மருத்துவமனை பெயர் எதுவும் வேண்டாம். பணி முடியும் நேரத்தையும் பஸ் ஏறும் இடத்தையும் எழுதவே எழுதாதீர்கள். இந்த இழையின் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள், முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, கொடுக்கல் வாங்கல். ஜப்பானியருக்கு ஆங்கிலம் வேண்டும், ஸ்பானியருக்கும் ஆங்கிலம் வேண்டும். தமிழ் வேண்டும் என்று வருபவர்கள் குறைவு. அப்படியானால் நாம் எதைத் திருப்பிக் கொடுப்பது? முதலில் நான் ஆங்கிலம் திருத்திக் கொடுத்தேன். என் ஆங்கிலத்தில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை, அதனால் மனம் ஒப்பவில்லை. பிறகு ஒருநாள் சேலையில் முடிச்சுப் போடுவதை எழுதினேன். துணியை எப்படிக் கிள்ளிப் பிடித்து நூலால் கட்டுகிறோம், சாயத்தில் முக்கி எடுத்து அவிழ்த்தால் கட்டிய இடம் எப்படி வெள்ளைப் புள்ளியாக நிற்கிறது என்று. வலென்சியாவில் துணி வேலை செய்யும் ஒருவர் அதை முழுவதும் திருத்தினார். அவருக்குத் தேவைப்பட்டது அந்தத் தகவல்தான். அன்றிலிருந்து எனக்கு யாரிடமும் கடன்பட்ட உணர்வு இல்லை. காபி குடித்தேன், வானிலை நன்றாக இருக்கிறது என்று எழுதினால் திருத்த யாருக்கு மனம் வரும்? நம் கையில் இருக்கும் தொழிலை எழுதினால் வருகிறார்கள்.

வைகை வடகரை

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடியில் திருத்தித் தருகின்றனவே. இவ்வளவு சிரமம் எதற்கு?

யானைமலை ஒத்தக்கடை

நானும் பயன்படுத்துகிறேன் அண்ணா. ஆனால் முழுக் கட்டுரையைக் கொடுத்துத் திருத்தச் சொன்னால், சரியாக இருந்த வரிகளையும் மாற்றி வழவழவென்று ஆக்கித் திருப்பித் தருகிறது. எது பிழை, எது அதன் விருப்பம் என்று தெரியாது. அந்த எழுத்து என்னுடையதாகவும் இருக்காது. 'திருத்தாதே, பிழை இருக்கும் வரியை மட்டும் காட்டு' என்று கேட்பேன். திருத்துவது என் வேலை. இரவு பன்னிரண்டு மணிக்கு எழுப்ப ஆளில்லாதபோது அது உதவிதான். ஆனால் அழகர் ஏன் திரும்பிப் போனார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அதற்குக் கிடையாது.

சிம்மக்கல் ஆசிரியர்

இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் கருத்தில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன்.

நம் மதுரை இதைப் புதிதாகப் பார்க்கவில்லை. இத்தாலியிலிருந்து ராபர்ட் தெ நொபிலி இங்கே வந்தது 1606இல். தமிழில் எழுதக் கற்று, உரைநடையே எழுதிக் குவித்தார். நூறாண்டு கழித்து வந்தவர் வீரமாமுனிவர். எ, ஏ இரண்டையும் ஒ, ஓ இரண்டையும் வடிவிலேயே வேறுபடுத்தியவர் என்று நாம் போற்றுகிறோம். வேற்றுமொழிக்காரர் ஒருவர் நம் எழுத்தையே செம்மைப்படுத்தினார். அவர் சுப்ரதீபக் கவிராயரிடம் தமிழ் கற்றதாகச் சொல்வார்கள். எத்தனை ஓலையைக் கவிராயர் திருப்பி எழுதச் சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கவிராயர் ஒருவர்தான். நூறு பேர் இல்லை. ஒத்தக்கடைத் தம்பியின் ஒசாகா அம்மையாரும் ஒருவர். வலென்சியாக்காரரும் ஒருவர். உங்கள் அனுபவங்களில் பலன் தந்ததெல்லாம் கூட்டம் இல்லாத இடத்தில் நடந்திருக்கிறது. ஒரே ஆள் தொடர்ந்து படிக்கும்போது, 'இதைப் போன வாரமும் எழுதினாயே' என்று அவரால் சொல்ல முடிகிறது. வகுப்பில் நான் செய்ததும் அதுதான். முப்பது பேருக்குச் செய்ய முடியாமல் போனதும் அதுதான். சமூக ஊடகம் அப்படி ஒருவரைத் தேடித் தருமானால் அதை நான் எதிர்க்க மாட்டேன்.

ஒரு நிபந்தனை மட்டும். வந்த திருத்தத்தைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு நகரக்கூடாது. நோட்டில் கையால் எழுதுங்கள். மூன்று நாள் விட்டு, திருத்தத்தைப் பார்க்காமல் அதே பதிவை முதலிலிருந்து எழுதுங்கள். எங்கே மறுபடி வழுக்குகிறதோ அது உங்கள் பாடம். தேர்வுக்குப் போகும் வரை அந்த நோட்டைத் தவிர வேறு இலக்கணப் புத்தகம் வேண்டாம்.

மேலூரிலிருந்து ஸ்டுட்கார்ட்

ஐயா, மூன்று நாள் விட்டு எழுதுவதை நான் செய்ததில்லை. இன்றிலிருந்து என் நோயாளிக் குறிப்புக்கே செய்யப் போகிறேன்.

திருமங்கலத்துச் செவிலி

ஏழு வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி. மகால் அக்கா சொன்னபடி கணக்கை மாற்றிக்கொண்டேன். பணி முடியும் நேரத்தில் இப்போது எதுவும் எழுதுவதில்லை. ரைட்ஸ்ட்ரீக் குழுவில் இன்று 44ஆம் நாள்.

முதல் பத்து நாள் நான்கைந்து பேர் மாறி மாறித் திருத்தினார்கள். ஒருவர் சரி என்றதை இன்னொருவர் மாற்றினார். பதினோராவது நாள் என் பாட்டி பூக்கட்டுவதை எழுதினேன். விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து மல்லிகை வரும், பாட்டி நார் நனைத்து உட்காருவார், பூவை முழம் போட்டு விற்பார் என்று. முழம் என்பதற்கு ஜெர்மனில் என்ன என்று தெரியவில்லை. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை என்று சுற்றி வளைத்து எழுதியிருந்தேன்.

லைப்சிக்கிலிருந்து ஓர் அம்மா பதில் எழுதினார். எங்களிடமும் அந்த அளவு இருந்தது, பெயர் 'எல்லே', இப்போது யாரும் அளப்பதில்லை, என் பாட்டி துணிக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்றார். படித்தவுடன் எனக்குச் சிலிர்த்துவிட்டது. 'எல்லே' எனக்குத் தெரிந்த சொல். உடற்கூறு வகுப்பில் 'அல்னா' என்று படித்த முன்கையின் உள்ளெலும்புக்கு ஜெர்மனில் அந்தப் பெயர்தான். பாட்டியின் முழமும் என் பாடப்புத்தகத்து எலும்பும் ஒரே சொல். அதை அவருக்கு எழுதினேன், ஒரு பிழைகூட இல்லாமல். வினை கடைசியில் நின்றது.

அந்த அம்மாவின் மருமகள் கோயம்புத்தூர்க்காரர். பேத்திக்கு எழுதுவதற்காக அவர் தமிழ் எழுத்துக் கற்கிறார். ல, ள, ழ மூன்றும் அவருக்குக் குழம்புகிறது. 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதி, பேத்தி பல்லிக்குப் போகிறாள் என்று அனுப்பினார். நான் திருத்தினேன். ஏன் என்று கேட்டார். சிம்மக்கல் ஐயா, 'அவைகள்' பற்றி நீங்கள் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. விளக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. நாக்கு எங்கே தொடுகிறது என்று படம் வரைந்து அனுப்பினேன்.

அவரை 'ஸீ' என்றே எழுதி வந்தேன். மூன்று வாரம் கழித்து அவரே "இனி 'டூ' என்று எழுதலாமே" என்றார். ஏற்றுக்கொண்டேன். ஆனால் வாரம் ஒரு மடல் மட்டும் 'ஸீ' போட்டு, அவர் என் மேலதிகாரி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 40 சொற்கள். அதற்கு அவர் அதிகாரிபோலவே விறைப்பாகப் பதில் எழுதுவார்.

நோட்டில் 29 பக்கம் ஆகிவிட்டது. ஐயா சொன்ன மூன்று நாள் முறையில் 'வைல்' பிழை நான்காவது வாரத்தோடு நின்றது. பெயர்ச்சொல்லின் பால் இன்னும் வழுக்குகிறது. பாலைக் காட்டும் 'டெர்', 'டீ', 'டாஸ்' மூன்றையும் மூன்று நிற மையில் எழுதுகிறேன்.

தேர்வு அடுத்த மாதம் 12ஆம் தேதி.

சிம்மக்கல் ஆசிரியர்

அந்த நோட்டை ஒருநாள் நூலகத்துக்குக் கொண்டு வா அம்மா. செவ்வாய், வியாழன், சனி காலையில் அங்கே இருப்பேன். ஜெர்மன் எனக்குத் தெரியாது. ஒரு மாணவியின் நோட்டைப் பார்த்து வெகுநாள் ஆயிற்று.

திருமங்கலத்துச் செவிலி

சனிக்கிழமை எனக்கு விடுப்பு ஐயா. அம்மாவையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். இன்றிரவு லைப்சிக்குக்குப் பதில் எழுத வேண்டும். பாட்டி ஒவ்வொரு நாளும் கடைசி முழத்தை விற்காமல் ஏன் எடுத்து வைப்பார் என்று கேட்டிருக்கிறார்.